கரையில் மரம் நட்டால் வைகை சுத்தமாகுமா? ஈரக்காடு செய்வதும் செய்யாததும்

வைகையைப் பற்றி இரண்டு வகைச் செய்திகள் அடிக்கடி வருகின்றன. வாய்க்காலில் கழிவுநீர் கலந்து நுரை பொங்கியது என்பது ஒன்று. ஆற்றங்கரையில் இத்தனை மரக்கன்றுகள் நடப்பட்டன என்பது மற்றொன்று. இரண்டையும் படிக்கும் ஒருவருக்கு, இந்த மரம் அந்தத் தண்ணீரைச் சுத்தம் செய்யுமா என்ற கேள்வி எழுவது நியாயம்தான். "செய்யும்" என்று அடித்துச் சொல்பவர்களும் இருக்கிறார்கள், "அதெல்லாம் விளம்பரம்" என்று ஒதுக்குபவர்களும் இருக்கிறார்கள்.

தண்ணீர் மரத்தடி மண்ணுக்குள் புகுந்து, அங்கே சில மணி நேரமோ சில நாட்களோ தங்கி, பிறகு ஆற்றில் சேர்ந்தால் அது நிச்சயம் தெளியும். மரங்களைத் தாண்டிக் குழாய் வழியாக நேராக ஆற்றில் விழுந்தால், கரையில் ஆயிரம் மரம் நின்றாலும் அந்தத் தண்ணீருக்கு ஒன்றும் ஆகாது. மரம் எத்தனை என்பதைவிடத் தண்ணீர் போகும் பாதை எது என்பதே முக்கியம். ஏன் என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

ஈரக்காடு என்பது எது?

வருடத்தில் பல மாதம் மண் நீரில் ஊறியிருக்கும் இடத்தில், அந்த ஈரத்தைத் தாங்கும் மரங்கள் கூடி வளர்ந்தால் அதை ஈரக்காடு எனலாம். பிரிட்டனில் ஆல்டர், வில்லோ மரங்கள் நிற்கும் ஆற்றோரச் சேற்றுக்காடுகள் இந்த வகை. ஆற்று நீரின் தரத்தோடு சேர்த்து இன்று பேசப்படுபவற்றில் இவையும் உண்டு.

நம் பக்கத்தில் மரங்கள் வேறு. வருசநாடு, மேகமலைப் பகுதியிலிருந்து இறங்கும் ஓடைகளின் ஓரம் மருது, நாவல், புங்கை, நீர்க்கடம்பு, ஆற்றுப்பாலை ஆகியவை வளரும். தாழ்வான சேற்றில் தாழையும் நாணலும் வரும். சமவெளிக்கு வந்தால் கண்மாய் உள்வாயில் இடுப்பளவு தண்ணீரில் மாதக்கணக்கில் நிற்கும் நாட்டுக்கருவேலம் இருக்கிறது. வையைக் கரையின் "திருமருத முன்துறை" சங்கப் பாடல்களிலேயே வருகிறது. மதுரையின் ஆற்றங்கரையில் மருத மரங்கள் நின்றது புதுக் கற்பனை இல்லை.

ஒரு தோப்பு ஈரக்காடா என்று பார்க்க மூன்று அடையாளங்கள் போதும்.

1. நிலத்தடி நீர் வேர் மட்டம்வரை வருகிறதா, அல்லது வெள்ளம் உள்ளே வந்து நிற்கிறதா?
2. மரத்தடியில் மக்கும் இலைக்குப்பை இருக்கிறதா, கூட்டிப் பெருக்கி விடுகிறார்களா?
3. மரத்துக்குக் கீழே கோரை, புல், புதர் உண்டா, வெறும் தரையா?

சாலையோரம் வட்டக் கம்பிக்கூண்டுக்குள் நிற்கும் மரம் மூன்றிலும் தேறாது. அது நிழல் தரும், அழகு தரும், வேண்டியதுதான். நீர்த் தரக் கணக்கில் மட்டும் அதைச் சேர்க்க முடியாது.

ஆற்றுக்குள் வந்து சேர்வது என்னென்ன?

"அசுத்தம்" என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும்.

வண்டல்: மழையில் கரைந்து வரும் மண். பாஸ்பரஸும் பல பூச்சிமருந்துகளும் இந்த மண் துகளில் ஒட்டிக்கொண்டே பயணம் செய்கின்றன.

நைட்ரஜன்: வயலிலிருந்து பெரும்பாலும் நைட்ரேட்டாகவும், சாக்கடையிலிருந்து பெரும்பாலும் அம்மோனியாவாகவும் வரும். இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும். குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம்.

பாஸ்பரஸ்: உரம், சோப்புத்தூள், மனிதக் கழிவு வழியாக வருவது. பாசியும் ஆகாயத்தாமரையும் கொழுப்பது இதனாலும் நைட்ரஜனாலும்தான்.

அழுகும் கழிவு: இதை அளக்க பி.ஓ.டி. என்ற எண் பயன்படுகிறது. தண்ணீரில் உள்ள கழிவைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே அந்த எண். குளிக்க உகந்த ஆற்றில் பி.ஓ.டி. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது, கரைந்த ஆக்சிஜன் 5 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடாது என்கிறது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

இவை போக நோய்க்கிருமி, சாய உலோகம், சோப்பு ரசாயனம் எல்லாம் உண்டு. மழை பெய்து கண்மாய் மறுகால் போகும்போது அயன்பாப்பாகுடிப் பக்கம் வாய்க்காலில் பொங்கும் வெள்ளை நுரை, கழிவோடு வந்த சோப்புப் பொருட்களைத் தண்ணீர் விழும் வேகம் கலக்கியதால் உண்டாவது.

மரத்தடி மண்ணில் நடக்கும் வேலை

முதல் வேலை எளிது. வேகமாக வரும் மண் கலந்த மழைநீர் புல், கோரை, வேர், விழுந்த கிளை எல்லாவற்றிலும் மோதி வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் மண் கீழே படியும். ஐப்பசி மழையில் ஓடும் வாய்க்கால் தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து அசையாமல் வைத்தால், சிறிது நேரத்திலேயே அடியில் மணலும் அதன்மேல் வண்டலும் படிவதைப் பார்க்கலாம். களிமண் மட்டும் அடுத்த நாளும் கலங்கலாகவே மிதக்கும். ஈரக்காட்டிலும் அப்படித்தான். மணலும் வண்டலும் முதல் சில மீட்டரிலேயே நின்றுவிடும், நுண்ணிய களிமண்ணைப் பிடிக்க அகலமும் நேரமும் வேண்டும்.

இரண்டாவது வேலைதான் உண்மையில் வியப்பானது, நைட்ரேட்டைக் காற்றாக மாற்றுவது. கண்மாய் ஓரத்தில் நாட்டுக்கருவேல மரத்தடியில் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். மேலே பழுப்பு மண், இலைத் துணுக்குகளோடு. ஒரு சாணுக்குக் கீழே போனால் நிறம் சாம்பலாகும், சில இடத்தில் கருநீலமாகவே இருக்கும், அழுகிய முட்டை வாடை லேசாக வரும். அந்தச் சாம்பல் மண்ணுக்குள் சில வேர்களைச் சுற்றி மட்டும் துருப்பிடித்த ஆணி போல ஆரஞ்சு நிறக் கோடுகள் ஓடும். ஈரக்காட்டின் மொத்தக் கதையும் அந்த இரண்டு நிறத்தில் இருக்கிறது.

சாம்பல் மண்ணில் ஆக்சிஜன் இல்லை. நீரில் ஊறிய மண்ணுக்குள் காற்று புக முடியாது, இருந்த கொஞ்சத்தையும் இலைக்குப்பையைத் தின்னும் நுண்ணுயிர்கள் தீர்த்துவிடுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பிடுங்கிச் சுவாசிக்கின்றன. மிச்சமாகும் நைட்ரஜன் வாயுவாகக் காற்றுக்குப் போய்விடுகிறது. நாம் மூச்சிழுக்கும் காற்றில் முக்கால் பங்குக்கு மேல் இருக்கும் அதே நைட்ரஜன்தான். தண்ணீரிலிருந்து நைட்ரேட் நிரந்தரமாக வெளியேறுவது இந்த வழியில்தான். மரம் உறிஞ்சியதில் ஒரு பகுதி இலை உதிரும்போது மண்ணுக்கே திரும்பிவிடும், இது திரும்பாது.

துருநிறக் கோடுகள் வேறொன்றைச் சொல்கின்றன. ஈரத்தில் வாழப் பழகிய செடிகொடிகளும் மரங்களும் வேர் வழியாகக் கொஞ்சம் ஆக்சிஜனைச் சுற்றிலும் கசியவிடும். அங்கே இரும்பு துருவாகிறது. அந்தத் துரு பாஸ்பரஸைப் பிடித்துக்கொள்ளும். சாக்கடையில் வரும் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாவுக்கும் இந்த ஆக்சிஜன் வேண்டும். அம்மோனியா முதலில் ஆக்சிஜன் உள்ள இடத்தில் நைட்ரேட் ஆக வேண்டும், அந்த நைட்ரேட் அப்புறம் ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாயுவாக வேண்டும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும் மண்ணில் இரண்டும் பக்கத்துப் பக்கத்திலேயே நடக்கும். நம் கண்மாய் நிலங்கள் இயல்பாகவே அப்படிப்பட்டவை. வெப்பமும் நமக்குச் சாதகம், நுண்ணுயிர் வேலை குளிர்நாட்டைவிட இங்கே வேகமாக நடக்கும்.

எவ்வளவு பலன் கிடைக்கும்? அமெரிக்காவின் மேரிலாந்தில் மக்காச்சோள வயலுக்கும் ஓடைக்கும் நடுவே நீளவாக்கில் இருந்த ஒரு காட்டுத் துண்டை அளந்து, முடிவை 1984இல் வெளியிட்டார்கள். உள்ளே வந்த நைட்ரஜனில் 89 சதவீதத்தையும் பாஸ்பரஸில் 80 சதவீதத்தையும் காடு தன்னிடமே வைத்துக்கொண்டது. அங்கே வயலின் கசிவுநீர் ஆழமில்லாமல் வேர் மண்டலம் வழியாகவே ஓடைக்கு வந்தது. அந்த நிலை இல்லாத இடத்தில் இந்த எண்ணை எதிர்பார்க்கக் கூடாது.

மூன்றாவது, நிழல். 20 டிகிரி வெப்பத் தண்ணீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 30 டிகிரியில் 7.6 தான். சித்திரை வெயிலில் மீன் திணறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஓடையின் மேல் கிளை கவிந்திருந்தால் சூடு குறையும், வெயில் தேடும் ஆகாயத்தாமரையும் பாசியும் அடங்கும்.

இதனால் முடியாதது

இதைச் சொல்லாமல் விட்டால் விளம்பரம் என்பவர்கள் பக்கம் நியாயம் சேர்ந்துவிடும்.

1. சுத்திகரிக்காத சாக்கடையை ஈரக்காட்டின் தலையில் கட்ட முடியாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 2011 கணக்கெடுப்பில் மதுரையும் ஒட்டிய நகரப் பகுதிகளும் சேர்த்து 14.65 லட்சம் பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர், அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும் என்பது பாதாளச் சாக்கடைத் திட்டங்களின் வழக்கமான கணக்கு. பெருக்கினால் நாளுக்கு ஏறக்குறைய 15.8 கோடி லிட்டர். நாணலும் மண்ணும் கொண்ட செயற்கை ஈரநிலத்துக்கு வெப்ப நாடுகளில் ஆளுக்கு 1 முதல் 3 சதுர மீட்டர் இடம் ஒதுக்குவார்கள். 2 என்று வைத்தாலே 293 ஹெக்டேர், அதாவது 720 ஏக்கருக்கு மேல். வண்டியூர்க் கண்மாயைவிடப் பெரிய இடம். அதுவும் கசடு முன்பே நீக்கிய தண்ணீருக்கு மட்டும். அவனியாபுரத்திலும் சக்கிமங்கலத்திலும் உள்ளவை போன்ற சுத்திகரிப்பு நிலையங்கள் முழுமையாக ஓடுவதற்கு எந்த மரமும் மாற்று ஆகாது.

2. பாஸ்பரஸுக்கு வாயு வடிவம் இல்லை. அது மண்ணில் சேர்ந்துகொண்டேதான் போகும். மண் நிரம்பினாலோ, தண்ணீர் வெகுநாள் தேங்கி இரும்புத் துரு கரைந்தாலோ, பிடித்ததை ஆற்றுக்கே திருப்பிவிடும். இடையிடையே எடுத்துவிட வேண்டும். இதற்கு நம்மூரில் வழி ஏற்கெனவே இருக்கிறது. கோடையில் கண்மாய்க் கரம்பையை, அதாவது அடியில் படிந்த வண்டலை, அள்ளி வயலுக்கு அடிப்பது பாஸ்பரஸை நீரிலிருந்து எடுத்துப் பயிருக்குக் கொடுக்கும் வேலைதான். ஆலைக் கழிவு சேரும் கண்மாயில் மட்டும் உலோகச் சோதனை செய்யாமல் கரம்பை எடுக்கக் கூடாது.

3. நோய்க்கிருமி விஷயத்தில் பலன் கலவையானது. மண் வடிகட்டும், தங்கும் நேரம் கிருமியைக் கொல்லும். ஆனால் நிழல் வெயிலைத் தடுக்கிறது, பறவைக் கூட்டம் எச்சத்தைச் சேர்க்கிறது. வெளிவரும் தண்ணீரைக் குடிக்கலாம் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

4. கழிவு கலந்து அசையாமல் நிற்கும் தண்ணீரில் கொசு பெருகும், மீத்தேனும் வெளியாகும். மெதுவாகவாவது நகரும், மீன் வாழும் தண்ணீராக இருக்க வேண்டும்.

மதுரையில் தண்ணீர் எந்த வழியாக ஆற்றில் சேர்கிறது?

258 கிலோமீட்டர் ஓடும் வைகை, நகருக்குள் வரும் இடத்தில்தான் தன் கரை மண்ணோடு தொடர்பை இழக்கிறது. இதற்கு மூன்று காரணங்கள் தெரிகின்றன.

முதலாவது, தடுப்புச் சுவரும் கரையோரச் சாலையும். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் இரு கரையிலும் கட்டப்பட்டவை. போக்குவரத்துக்கும் ஆக்கிரமிப்பைத் தடுக்கவும் உதவுகின்றன என்பதை மறுக்கவில்லை. ஆனால் ஆறு கரைமேல் ஏறுவதும், கரையின் கசிவு ஆற்றுக்குள் இறங்குவதும் நின்றுபோனது. சுவருக்கு வெளியே நடும் மரம் ஆற்றுத் தண்ணீரைத் தொடுவதே இல்லை.

இரண்டாவது, வாய்க்கால்கள். செல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் பந்தல்குடி வாய்க்கால் போன்றவை நகரத்தின் கழிவையும் மழைநீரையும் சேர்த்து நேராக ஆற்றில் கொட்டுகின்றன. கான்கிரீட் போட்ட வாய்க்காலில் தண்ணீர் சில நிமிடத்தில் கடந்துவிடும். நைட்ரேட்டைத் தின்னும் பாக்டீரியாவுக்கு நிமிடங்கள் போதாது.

மூன்றாவது, மணல். பல ஆண்டு மணல் அள்ளியதில் படுகை தாழ்ந்தது, அதோடு கரையோர நிலத்தடி நீரும் இறங்கியது. வேருக்குப் பல அடி கீழே ஓடும் நீரை இலைக்குப்பையின் கரிமம் (கார்பன்) எட்டாது, அந்த உணவு இல்லாமல் நைட்ரேட்டை வாயுவாக்கும் பாக்டீரியா வேலை செய்யாது. மணல் கொள்ளையைக் குடிநீர்ப் பிரச்சினையாகப் பேசுகிறோம். நீரின் தரமும் அதோடு போனதைப் பேசுவதில்லை என்பது என் வருத்தம்.

இதோடு, 1959இல் வைகை அணை வந்தபின் நகருக்குள் ஆறு ஓடுவது அணை திறக்கும் நாட்களிலும் பெருமழையிலும்தான். மற்ற நாட்களில் படுகையில் இருப்பது பெரும்பாலும் சாக்கடை நீர். ஐரோப்பியக் கையேட்டைப் பார்த்து ஆற்றின் நடுப்பகுதியில் ஈரக்காடு அமைத்தால் அது ஆறு மாதம் காய்ந்து கிடக்கும்.

நமக்குப் பொருந்தும் மாதிரி இலங்கையில் இருக்கிறது

இலங்கையின் வறண்ட பகுதியிலும் நம் கண்மாய்களைப் போலவே ஒன்றன் மறுகால் இன்னொன்றை நிரப்பும் சங்கிலிக் குளங்கள் உண்டு. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு அதைப் பாரம்பரிய வேளாண் முறையாக அங்கீகரித்திருக்கிறது. அங்கே குளத்துக்குத் தண்ணீர் வரும் பக்கத்தில் மரங்கள் நிற்கும் ஒரு நீளத் துண்டையும், வண்டலைப் பிடிக்கப் புல் வளரும் ஒரு துண்டையும் விடுவார்கள். கரைக்குப் பின்னால், வயலுக்கு முன்னால் "கட்டகடுவ" என்று ஒரு சிறு ஈரக்காடு. குளத்தின் கசிவு அதன் வழியாகத்தான் வயலுக்குப் போகும், உப்பும் இரும்பும் அங்கே நின்றுவிடும். அங்கு நிற்கும் மரங்களைக் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும்: மருது, இலுப்பை, புங்கை, தாழை. எல்லாம் நம் மரங்கள்.

மழை குறைவான, வெப்பமான, குளங்களை நம்பிய நிலத்துக்கு எழுந்த ஏற்பாடு அது. மதுரைக்கு அதுவே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

எங்கே அமைத்தால் பலன் அதிகம்?

1. மேலே இருப்பதைக் காப்பது. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டதால் வைகையின் ஊற்றுக்கண் பகுதிக்கு ஒரு பாதுகாப்பு வந்தது. புதிதாக நடுவதைவிட, நிற்கும் ஓடைக்காட்டைக் காப்பது பல மடங்கு மலிவு.

2. சோழவந்தான், தேனூர்ப் பக்கம் நெல் வயலிலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் இருந்து வடிநீர் ஆற்றுக்குத் திரும்பும் இடங்கள். வருவது பெரும்பாலும் உர நைட்ரேட், அதனால் ஈரக்காடு மிக நன்றாக வேலை செய்யும் இடம் இதுதான். வடிகால் வாய்க்காலை நேராக ஆற்றில் விடாமல், கரையோரத் தாழ்நிலத்தில் பரவவிட்டு மரத்தடி வழியாக இறக்க வேண்டும். அமெரிக்காவின் செசபீக் விரிகுடாப் பகுதியில் கரையோரக் காட்டுக்கு 35 அடி அகலத்தைக் குறைந்தபட்சமாகவும் 100 அடியை நல்ல அளவாகவும் வைத்திருக்கிறார்கள். பட்டா நிலத்தில் அவ்வளவு விட யாரும் முன்வர மாட்டார்கள். புறம்போக்கு இருக்கும் இடங்களிலிருந்து தொடங்குவதே நடக்கும்.

3. கண்மாய் வரத்துக் கால்வாயின் வாய். முதலில் வண்டல் படிய ஒரு பள்ளம், அடுத்து சம்பும் கோரையும், அதன்பின் மருதும் நாட்டுக்கருவேலமும். வரிசை மாறினால் முதல் வெள்ளத்திலேயே மரத்தடி மண்மேடாகிவிடும். பள்ளத்தை வருடாவருடம் தூர்வார ஆளும் பணமும் ஒதுக்கவில்லை என்றால் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

4. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளிவரும் தண்ணீர். பி.ஓ.டி. ஏற்கெனவே குறைந்திருக்கும், மிச்சமிருக்கும் நைட்ரஜனை ஈரக்காடு எடுத்துக்கொள்ளும். வருடம் முழுக்கத் தண்ணீர் வரும் என்பதால் மரமும் காயாது.

சீமைக்கருவேலத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அதுவும் மரம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. அடர்ந்த சீமைக்கருவேலத்தின் கீழே புல்லும் கோரையும் அதிகம் வராது, தரை வெறுமையாக இருக்கும், அதனால் வண்டலைப் பிடிக்கும் வேலை நடக்காது. ஆனால் அதை ஒரே நாளில் ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கிக் கரையைத் திறந்து போட்டால் அடுத்த மழையில் கரையே ஆற்றுக்குள் போகும். பட்டை பட்டையாக எடுத்து, எடுத்த இடத்தில் உடனே புங்கையும் மருதும் வைத்து, அவை வேர் பிடித்தபின் அடுத்த பட்டைக்குப் போவதே சரி.

பலன் தருகிறதா என்று எப்படித் தெரியும்?

எத்தனை கன்று நட்டோம் என்ற கணக்கு இதற்கு உதவாது. ஈரக்காட்டுக்குள் தண்ணீர் புகும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஒரே நாளில் மாதிரி எடுத்து நைட்ரேட், அம்மோனியா, மொத்த பாஸ்பரஸ், பி.ஓ.டி., கலங்கல் ஆகியவற்றை அளக்க வேண்டும். அம்மோனியா குறைந்து நைட்ரேட் ஏறியிருந்தால் பாதி வேலைதான் நடக்கிறது, தண்ணீர் இன்னும் கொஞ்ச நேரம் தேங்க வேண்டும். அம்மோனியாவே குறையாவிட்டால் உள்ளே வரும் கழிவு அளவுக்கு மீறியது. கரைந்த ஆக்சிஜனை விடியலில் பார்க்க வேண்டும், பகலில் பாசி வெளியிடும் ஆக்சிஜன் எண்ணை உயர்த்திக் காட்டிவிடும். பருவமழையின் முதல் வெள்ளத்தில் ஒரு தடவை, மார்கழி முடிந்து தண்ணீர் தணிந்தபின் ஒரு தடவை, கோடையில் ஒரு தடவை என எடுக்கலாம். இதில் முதல் வெள்ளத்து மாதிரியைத் தவறவிடக் கூடாது. மாதக்கணக்கில் தெருவிலும் வாய்க்காலிலும் சேர்ந்த அழுக்கு அந்த ஒரு நாளில்தான் ஆற்றுக்கு வருகிறது.